மடகாஸ்கரில் சொந்த வண்டி இல்லாமல் ஊர் ஊராகப் போக முடியுமா?

போகலாம். ஆனால் கிலோமீட்டரைப் பார்த்து நாள் கணக்குப் போடாதீர்கள். தலைநகர் அண்டனானரிவோவிலிருந்து தென்மேற்குக் கரையிலுள்ள துலியாராவுக்கு ஆர்.என்.7 தேசிய நெடுஞ்சாலையில் 900 கி.மீ.க்கு மேல். தார்ச்சாலைதான், ஆனாலும் நடுவில் தங்காமல் போனால்கூட ஒரு பகலும் ஓர் இரவும் பிடிக்கும். மேற்குக் கரையிலுள்ள மொரொண்டவாவிலிருந்து, கூர்ம்பாறைக் காடான சிஞ்சிக்கு வாசலாக உள்ள பெகொபாகா கிராமத்துக்கு சுமார் 200 கி.மீ.தான். அது மண்பாதை, வழியில் ஆற்றை வண்டியோடு மிதவையில் கடக்க வேண்டும். ஜீப்பிலேயே முழு நாள் போய்விடும். மழைக்காலத்தில் அந்தப் பாதையைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள்.

ஊர்களை இணைப்பது 'டாக்ஸி புரூஸ்' எனும் வேன். அதற்கு நேர அட்டவணை இருப்பதுபோல் சொல்வார்கள். உண்மையில் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நேரம் வீணாவது சாலையில் மட்டுமல்ல, நிலையத்திலும்தான். காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். "இன்னும் இரண்டே சீட்டு" என்று கையைப் பிடித்து இழுப்பவரை நம்ப வேண்டாம், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பயணிகள் என்றில்லை. வண்டியின் கூரையைப் பாருங்கள். மூட்டைகளை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தால் அது சீக்கிரம் கிளம்பும். கூரை காலியாக இருந்தால் மதியம்கூட ஆகலாம்.

பணத்தைக் கவுன்ட்டரில் மட்டும் கொடுங்கள். இருக்கைப் படத்தைக் காட்டச் சொல்லி உங்கள் பெயரை அதில் எழுத வைத்து, வண்டி எண்ணோடு ரசீது வாங்குங்கள். ஓட்டுநருக்கு நேர் பின்வரிசை நல்லது. கடைசி வரிசையில் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும், சக்கரத்துக்கு மேலுள்ள இடத்தில் காலை நீட்ட முடியாது.

பை கூரைக்குப் போய்விடும். தார்ப்பாய்க்குள்ளும் செம்மண் புழுதியும் மழையும் புகும், ஆகவே துணிகளைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். பாஸ்போர்ட், மருந்து, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், டார்ச் எல்லாம் மடியில் இருக்கட்டும். ஏடிஎம் பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். 20,000 அரியாரி நோட்டுக்குக் கிராமத்தில் சில்லறை கிடைக்காது, முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

சாலையோரம் 'ஹோட்டெலி' என்ற பலகையைக் கண்டு தங்கும் விடுதி என்று இறங்கிவிடாதீர்கள், அது சோற்றுக்கடை. சோறு தாராளமாகக் கிடைக்கும். கூடவே அடிப்பிடித்த சோற்றில் நீரூற்றிக் காய்ச்சிய 'ரனொவோலா' தருவார்கள். கொதித்த நீர் என்பதால் வெறும் குழாய்த் தண்ணீரைவிட நம்பிக் குடிக்கலாம்.

இரவுப் பயணத்தை முடிந்தவரை தவிருங்கள், தெற்கில் கட்டாயம் தவிருங்கள். துலியாரா போகும் வழியிலுள்ள இஹோசி ஊருக்கு அப்பால் கொள்ளையர் பயத்தால் வண்டிகள் சேர்ந்து ஓடுவதுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் ஓட்டுநரும், விளக்கில்லாத மாட்டுவண்டியும்.

ஃபியானரன்ட்சோவா–மனகாரா ரயில் 163 கி.மீ., 1936-இல் முடிந்த பாதை. அழகுக்காக ஆசைப்படலாம், ஆனால் மண்சரிவால் அடிக்கடி நின்றுபோகும். ஓடுகிறதா என்று ஃபியானரன்ட்சோவா நிலையத்தில் நேரில் கேட்ட பிறகே அறையைக் காலி செய்யுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் புயல் காலம். எந்த மாதமானாலும் நாடு திரும்பும் விமானத்துக்கு இரண்டு முழு நாள் முன்பே தலைநகருக்கு வந்துவிடுங்கள்.