ரங்கூன் டீக்கடை ரவைக் கேக் வீட்டில் அதே மாதிரி வருமா? ஓவன் கட்டாயமா?

கேட்டிருப்பது இது: ரங்கூனில் குடியிருக்கும் குடும்பம். ஞாயிறு காலை டீக்கடைக்குப் போனால் பிள்ளைகள் முதலில் கேட்பது ஷ்வேஜி சனுவின் மக்கின், அதாவது கசகசா தூவிய ரவைக் கேக். வீட்டுச் சின்ன மின்சார ஓவனில் செய்தால் நடுவில் மாவாக நிற்கிறது. பாதியில் கரண்டும் போய்விடுகிறது. கடைப் பக்குவம் எப்படி வரும்?

ஓவனை விட்டுவிட்டு அடுப்பைப் பாருங்கள். இந்தக் கேக்கின் முக்கால்வாசி வேலை கிளறும்போதே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஓவனோ மேல்தணலோ செய்வது, மேல்தோலைச் சிவக்க வைப்பதும் மிச்ச ஈரத்தை இறுக்குவதும்தான். நடுவில் மாவாக நிற்கிறது என்றால் ஒன்று ரவை ஊறவில்லை, அல்லது கிளறுவதைச் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள்.

20 செ.மீ. சதுரத் தட்டுக்கு அளவு சொல்கிறேன். உப்புமா ரவை 250 கிராம், பனைவெல்லம் 200 கிராம், நிலக்கடலை எண்ணெய் அல்லது நெய் 80 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 300 மி.லி., இரண்டாம் பால் 600 மி.லி., உப்பு அரை டீஸ்பூன், உலர்திராட்சை ஒரு கைப்பிடி, வெள்ளைக் கசகசா 2 மேசைக்கரண்டி. பஜாரில் வீசைக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு: ஒரு வீசை 1.63 கிலோ, அதாவது 100 டிக்கல். ரவை 15 டிக்கல், வெல்லம் 12 டிக்கல் கேட்டால் சரியாக இருக்கும். (ஆங்கிலேயர் எழுதிய 'விஸ்' நம் வீசையிலிருந்து போன சொல்தான்.) நைஸ் ரவை வேண்டாம், பசை போல் ஒட்டிக்கொள்ளும். கசகசாவைத் தெய்ங்ஜி ஸேயில், நம் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்று சொல்லும் இடத்தில், மூட்டையிலிருந்து வாங்கினால் கொஞ்சம் வாயில் போட்டு மென்று பாருங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் காறல் வெந்த பிறகு இன்னும் தூக்கலாகத் தெரியும்.

ரவையை எண்ணெய் இல்லாமல் சின்னத் தீயில் 10 முதல் 12 நிமிடம், மாரி பிஸ்கட் நிறம் வரும்வரை வறுங்கள். நிறம் வந்ததும் வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அடியிலிருப்பது கருகும், கசப்பு கேக் முழுவதும் ஏறும். ஆறிய ரவையை 500 மி.லி. இரண்டாம் பாலில் 45 நிமிடம் ஊறவையுங்கள். ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. இந்த நேரத்தில் இனிப்பு சேர்க்க வேண்டாம். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ரவை உப்பத் தாமதமாகும். கேசரிக்கு ரவை வெந்த பிறகு சர்க்கரை போடுவதும் இதற்காகத்தான். மீதி 100 மி.லி. பாலில் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி வையுங்கள். பனைவெல்லத்தில் மண் இல்லாமல் இருப்பது அபூர்வம்.

இனி அடிகனமான சட்டி, நடுத்தரத் தீ, கை ஓயாமல் கிளறல். 8 முதல் 10 நிமிடத்தில் ரவை கெட்டிப்படும். அப்போது வெல்லக் கரைசலை ஊற்றினால் மறுபடி இளகும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். பிறகு உப்பு கலந்த கெட்டிப்பால், அதன் பின் எண்ணெயை மூன்று தவணையாக, கடைசியில் திராட்சை. இன்னும் 12 முதல் 15 நிமிடம் ஆகும். கடிகாரத்தை நம்பாமல் சட்டியைப் பாருங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தப் பாதை உடனே மூடக் கூடாது. கலவை சட்டியை விட்டு ஒரே உருண்டையாகத் திரண்டு வர வேண்டும், விளிம்பில் எண்ணெய் மினுக்க வேண்டும். பாதை மூடிக்கொள்ளும்போதே இறக்கிவிட்டால் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தாலும் நடு இறுகாது. பலருக்கும் தவறுவது இங்கேதான். அதற்கு மாறாக எண்ணெய் குளம்போல் பிரிந்து நின்றால் அதிகம் போய்விட்டது என்று அர்த்தம். மூன்று நான்கு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் திரும்பிவிடும். விடாவிட்டால் வெட்டும்போது உதிரும்.

முட்டை சேர்ப்பவர்கள் உண்டு, கொஞ்சம் ஸ்பாஞ்சு போல வரும். என் நாக்குக்கு முட்டையில்லாததுதான் சரியான பக்குவம். போடுவதானால் கலவை கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அடித்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் முட்டைப் பொரியலாகத் திரியும். தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் சேர்த்தால் வெல்லம் சூட்டில் அதைத் திரித்துவிடும். அப்படிச் செய்கிறவர்கள் வெள்ளைச் சர்க்கரைக்கு மாறுங்கள்.

எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, எண்ணெய் தொட்ட கரண்டி முதுகால் அழுத்திச் சமப்படுத்துங்கள். உள்ளே காற்று நின்றால் வெட்டும்போது குழி தெரியும். கசகசாவைத் தூவியதும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். ஓவன் என்றால் 180 டிகிரி, மேலிருந்து இரண்டாவது தட்டு, 35 முதல் 40 நிமிடம், மேலே பொன்பழுப்பு வரும்வரை.

சின்ன ஓவன்காரர்கள் கவனிக்க வேண்டியது வோல்ட்டேஜ். ஓவன் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. அது தரும் சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 180 வோல்ட்டுக்கு இறங்கினால் 1500 வாட் ஓவன் ஏறக்குறைய 920 வாட்தான் தரும். ஓவன் திருகு 180 டிகிரியில் நின்றாலும் உள்ளே 140 கூட ஏறாமல் போகலாம். ஓவனுக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். ஸ்பாஞ்சு கேக் நடுவில் கரண்ட் போனால் அது அமுங்கிவிடும், ஏனென்றால் மாவும் முட்டையும் இறுகுமுன் உள்ளே விரிந்த காற்று சுருங்குகிறது. ரவைக் கேக்கில் அமுங்குவதற்கு எதுவும் இல்லை. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், வந்ததும் தொடருங்கள், இல்லாவிட்டால் தணலுக்கு மாறுங்கள். மின்வெட்டு நாட்களில் இதைவிட நம்பகமான கேக் எனக்குத் தெரியவில்லை.

தணல் முறைதான் இந்தப் பண்டத்தின் பழைய முறை, சுவையும் அதில்தான் அதிகம். கனமான அலுமினியச் சட்டியில் கலவையைப் பரப்பி, தட்டையான இரும்பு மூடி போட்டு, மூடிமேல் தணல் வையுங்கள். மொத்தத் தணலில் மூன்றில் இரண்டு பங்கு மேலே, ஒரு பங்கு மட்டும் கீழே. கீழே சமமாகப் போட்டால் வெல்லம் அடிப்பிடித்துக் கசக்கும். மூடிக்கு மேல்நோக்கிய விளிம்பு இருக்க வேண்டும், தூக்கும்போது சாயாமல் நேராகத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல் கசகசாமேல் உட்காரும். மூடியைத் தணலில் சுடவைத்த பிறகே மூடுங்கள். குளிர்ந்த மூடியில் ஆவி தண்ணீராகி சொட்டும், மேலே புள்ளி புள்ளியாக வெளுத்துப்போகும். 15 நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள், 30 முதல் 40 நிமிடத்தில் ஆகிவிடும். இதை அடைத்த அறைக்குள் ஒருநாளும் செய்யாதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். திறந்த பால்கனி அல்லது முற்றம்தான் இடம்.

கேஸ் அடுப்பு மட்டும் இருந்தால்: அடியில் தோசைக்கல் வைத்து, அதன்மேல் சட்டியை மூடி, சின்னத் தீயில் 25 நிமிடம். வேறொரு இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, கசகசாவைத் தொடாமல் சட்டி விளிம்பில் மூடியாகக் கவிழுங்கள். ஆறினால் மறுபடி காய்ச்சுங்கள். மூன்று தடவையில் மேலே சிவந்துவிடும்.

வெந்ததும் வெட்டாதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆறினால்தான் ரவையின் மாச்சத்து இறுகும். சூட்டோடு வெட்டினால் அல்வா போல் கத்தியோடு வரும். கத்தியில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேக் சரியா என்று தெரிந்துகொள்ள அடுத்த ஞாயிறு டீக்கடைத் துண்டை உற்றுப் பாருங்கள். வெட்டிய பக்கத்தில் ஈரமான மினுமினுப்பு, ரவை மணிகள் தனித்தனியாகத் தெரிந்தும் பிரியாமல், மேலே கசகசா கருகாமல் பழுப்பாக, கீழே வைத்த தாளில் மெல்லிய எண்ணெய்த் தடம். இத்தனையும் இருந்தால் நல்ல கை. வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அந்தக் கடையிலும் ரவையை ஊறவிடவில்லை.

அதோடு என்ன டீ? கடையில் டிகாஷனோடு இனிப்புக்கு கன்டென்ஸ்டு பாலும், கொழுப்புக்கு இனிப்பில்லாத டின் பாலும் சேர்க்கிறார்கள். சொல்லும் விதத்தில்தான் அளவு மாறும்: 'சோ' இனிப்பு, 'போ' இனிப்புக் குறைவு, 'ச்சா' கடுப்பம், 'செயின்' பால் கூடுதல். சோ செயின் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் ரவைக் கேக்கே இனிப்பு, அதனால் பெரியவர்கள் போ ச்சா கேட்பது நல்லது. ஒன்றும் சொல்லத் தெரியாதவர் போன்மான் என்றால் நடுத்தரமாக வரும். மேசையில் இருக்கும் பிளாஸ்க்கில் பாலில்லாத டீ இலவசம்.

உட்கார்ந்ததும் கேட்காமலே சமோசா, ஈச்சாகுவே (எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சி) என்று தட்டுகள் வரும் கடைகள் உண்டு. தொட்டதற்கு மட்டும் கணக்கு, தொடாததற்குக் காசில்லை. காலைப் பசிக்கு நான்ப்யா என்னும் நான் ரொட்டியும் வேகவைத்த பட்டாணியும், அல்லது அவர்கள் தோஷே என்று சொல்லும் நம் தோசை. சைவம் சாப்பிடும் பெரியவர்கள் கூட வந்தால் முதலிலேயே 'தெத்தத்லு', அதாவது சைவம், என்று சொல்லிவிடுங்கள். மொகிங்கா என்னும் அரிசி நூடுல்ஸ் குழம்பில் வாழைத்தண்டு மிதப்பதைப் பார்த்துச் சைவம் என்று நினைக்காதீர்கள், குழம்பே கெளுத்தி மீனில் வைப்பது. சாலட் வகைகளிலும் கருவாட்டு இறால்தூள், மீன்சாறு சேரும். ரவைக் கேக்கிலும் முட்டை உண்டா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

வீட்டில் செய்தது மிஞ்சினால், ரங்கூன் வெக்கையில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, தேங்காய்ப்பால் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும், ஆனால் கட்டையாக இறுகும். எடுத்ததும் தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டு, மூடிபோட்டு, இரண்டு நிமிடம் சின்னத் தீயில் சூடாக்குங்கள். கசகசாப் பக்கம் மேலே இருக்கட்டும், கீழே போனால் கருகிவிடும்.