உள்ளங்கைக்கு மேல் வளராத ஆமை உண்டா?

கேள்வி: கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள ஆமைக்குட்டியை இரண்டு வருடத்துக்கு முன் வாங்கினோம். உள்ளங்கைக்கு மேல் வளராது என்றார் கடைக்காரர். இப்போதே 11 செ.மீ. இன்னும் எவ்வளவு வளரும்? ஆயுள் எவ்வளவு? ஓடு உரிவது நோயா?

பதில்: அது ரெட் இயர்டு ஸ்லைடர், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் சொந்த ஊர். குட்டையாகவே நின்றுவிடும் ரகம் இதில் கிடையாது. கடையில் விற்பது குட்டி, அவ்வளவுதான். பொரிந்து வரும்போது 3 செ.மீ. இருக்கும், முதல் சில வருடங்கள் மளமளவென வளரும். ஆண் பெரும்பாலும் 20 செ.மீ.க்குள் அடங்கிவிடும், பெண் 25, சில 30 வரைகூடப் போகும். முன்னங்கால் நகம் நீண்டு, வாலும் தடித்திருந்தால் ஆண். அளக்கும்போது டேப்பை ஓட்டின் வளைவு மேல் வைக்காதீர்கள்; முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு நேர்க்கோட்டில் அளக்க வேண்டும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 முதல் 40 வருடம் இருக்கும். ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளைக்குக் கல்யாணமான பிறகும் ஆமை வீட்டில்தான்!

ஆனால் பல குட்டிகள் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. ஜன்னலோரம் வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஓடு கெட்டிப்படத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் அரை மணி நேரம் நேராக வையுங்கள். பாதி இடம் நிழலாக இருக்கட்டும், தண்ணீர் சுட்டால் ஆமை செத்துவிடும். தொட்டிக்குள் ஏறி உடம்பு காய ஒரு மேடை கட்டாயம். காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து ஓடு தோல் மாதிரி மெத்தென்றாகிவிடும். பெல்லட்டோடு (ஆமைக்கான உருண்டைத் தீனி) இலைகளும் கொடுங்கள். கிளிக்கூண்டில் தொங்கவிடும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் கொறித்துக்கொள்ளும்.

உரிவது கண்ணாடித்தாள் போல மெலிதாக, ஓட்டின் கட்டம் கட்டமாக வந்தால் அது வளர்ச்சிதான். பிய்க்காதீர்கள். உரிந்த இடத்துக்கு அடியில் குழி விழுந்து, மெத்தென்று, நாற்றமடித்தால் கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

கேள்வி: ஓட்டு வளையங்களை எண்ணி வயது சொல்லலாமா?

பதில்: நம்ப முடியாது. தீனி கூடிக் குறைந்தாலே வளையம் விழும். உரிய உரிய பழையது மழுங்கும்.

கேள்வி: பெரிதானதும் கோயில் குளத்தில் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. தீனிக்கும் வெயில் காயும் இடத்துக்கும் நம் ஊர் ஆமைகளோடு போட்டி போடும், நோயையும் கொண்டுபோகும். வளர்க்க முடியாவிட்டால், வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் தொட்டியோடு கொடுத்துவிடுங்கள்.