உயிலில் அப்பா பெயர் இல்லையென்றால்

"என் கணவர் ஆங்கிலேயர். அவர் வழி முன்னோர் ஒருவர் 1487இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் இறந்திருக்கிறார். அவருடைய உயிலின் சுருக்கம் கிடைத்தது. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் எல்லாரும் இருக்கிறார்கள், அப்பா பெயர் மட்டும் இல்லை. ஆனால் இணையத்தில் உள்ள வம்ச மரங்கள் எல்லாவற்றிலும் பக்கத்து ஊர்ப் பண்ணையாரின் மகன் என்றே போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? இல்லையென்றால் அப்பாவை எங்கே தேடுவது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இப்போதைக்கு நம்ப வேண்டாம். பத்து மரங்களில் இருந்தால் பத்துச் சாட்சி ஆகிவிடாது. ஒருவர் போட்டதை ஒன்பது பேர் நகலெடுத்திருப்பார்கள்.

அப்பா பெயர் இல்லாததில் வியப்பும் இல்லை. உயில் என்பது இனிமேல் யாருக்கு என்ன போகவேண்டும் என்று சொல்லும் காகிதம். சாகப்போகிறவரின் அப்பா பெரும்பாலும் முன்பே போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு உறுத்துவது நீங்கள் சொன்ன 'சுருக்கம்' என்ற சொல்தான். 1487இல் இங்கிலாந்து கத்தோலிக்க நாடு. உயில், ஆன்மாவைக் கடவுளுக்கும் மரியாளுக்கும் எல்லாப் புனிதர்களுக்கும் ஒப்படைத்துத் தொடங்கும். அப்புறம் உடலை எந்தக் கோயிலில் யார் பக்கத்தில் புதைப்பது, கட்ட மறந்த தசமபாகத்துக்காகப் பீடத்துக்கு எவ்வளவு, பாதிரியார் எத்தனை காலம் யார் யார் ஆன்மாவுக்காகப் பூசை வைப்பது என்று போகும். சுருக்கம் எழுதுகிறவர்கள் 'வழக்கமான பக்தி வரிகள்' என்று வெட்டியெறிவது இந்தப் பகுதியைத்தான். உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கலாம்: "என் தந்தை இன்னார், தாய் இன்னார் ஆன்மாக்களுக்காக" என்று பெயர் சொல்லியே பூசைக்குப் பணம் வைத்தவர்கள் உண்டு. "என் தகப்பனார் கல்லறைக்கு அருகில்" என்ற நாலு சொல் கிடைத்தாலும் எந்த ஊர்க் கோயில் என்று தெரிந்துவிடும். ஆகவே முதல் வேலை, முழு உயிலின் படத்தை வாங்குவது.

அடுத்தது, மற்றவர்களின் உயில்கள். ஒரு மனிதனின் பெற்றோர் அவன் உயிலில் கிடைப்பதைவிட அடுத்தவர் உயிலில் கிடைப்பதுதான் அதிகம். அதே ஊரில், அதே குடும்பப் பெயரில், 1450 முதல் 1500 வரை இறந்த எல்லாரையும் எடுங்கள். விதவைகளையும் பாதிரியார்களையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளையில்லாத பாதிரியார் அண்ணன் மகன், தங்கை மகள் என்று வரிசையாகப் பெயர் சொல்லி வெள்ளிக் கரண்டி கொடுப்பார். சஃபோக் உயில்கள் ஒரே இடத்தில் இல்லை. சாதாரணக் குடும்பங்களின் உயில்கள் சஃபோக் மாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. நாரிச் ஆயர் நீதிமன்றத்துக்குப் போனவை நார்ஃபோக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்து வைத்திருந்தவர்களின் உயில் கேன்டர்பரி நீதிமன்றத்துக்குப் போகும். அதன் பதிவேடுகள் 1384 முதல் 1858 வரை, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

படிக்கும்போது உறவுச் சொற்களை அப்படியே நம்பாதீர்கள். அன்றைய 'கசின்' எந்தச் சொந்தக்காரராகவும் இருக்கலாம், அண்ணன் மகனாகவும்கூட. 'சன் இன் லா' என்பது மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளையையும் குறிக்கும். (அக்கா மகனுக்கும் மகளின் கணவனுக்கும் 'மருமகன்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது புரியாமல் போகாது.) ஒரே வீட்டில் உயிரோடு இரண்டு ஜான், பெரிய ஜான், சின்ன ஜான் என்று இருப்பதும் சகஜம். அந்த இருவரையும் ஒருவராக்கி ஆறு மாதம் வீணடித்தவன் நான்.

இன்னொன்று, மூத்த மகன் பெயர் உயிலில் இல்லையென்றால் அவன் இல்லை என்று அர்த்தமில்லை. 1540 வரை நிலத்தைப் பொதுவாக உயில் மூலம் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. லண்டன் போன்ற சில நகரங்கள் விதிவிலக்கு. நம்பிக்கையான நாலு பேர் பெயரில் நிலத்தை எழுதிவைத்துச் சமாளித்தார்கள். இல்லையென்றால் நிலம் தானாகவே வாரிசுக்குப் போகும். அதனால் நிலப் பதிவுகளையும் பாருங்கள்.

பண்ணையார் கதையை அங்கேயே சோதித்துவிடலாம். அவர் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவராக இருந்தால், அவர் இறந்ததும் அரசு அதிகாரி உள்ளூர் ஜூரியைக் கூட்டி, என்ன நிலம், என்றைக்கு இறந்தார், வாரிசு யார், அவருக்கு என்ன வயது என்று சத்தியம் வாங்கி எழுதியிருப்பார். இளைய மகன்கள் அதில் பொதுவாக வரமாட்டார்கள், எனவே உங்கள் ஆள் இல்லாதது பெரிதல்ல. ஆனால் பண்ணையார் 1487க்கு முன்பே இறந்து, வாரிசு மகள் என்றோ தம்பி என்றோ அதில் இருந்தால் கதை முடிந்தது. முறையான மகன் ஒருவன் உயிருடன் இருக்கும்போது நிலம் அவர்களுக்குப் போயிருக்காது.

அவ்வளவு பெரிய குடும்பம் இல்லையென்றால் மேனர் (ஒரு பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுருள்கள்தான் வழி. குடியானவர் இறந்தால் நல்ல மாடு ஒன்று பிரபுவுக்கு. அப்புறம் "இன்னார் மகன், வாரிசு" வந்து பணம் கட்டி நிலத்தை எடுத்துக்கொள்வான். எல்லாம் அதில் பதிவாகும். சஃபோக்கின் பல மேனர்களில் கடைசி மகனுக்கே நிலம் என்ற வழக்கம் இருந்ததை மறக்க வேண்டாம்.

உயிலுக்கு வெளியே அப்பா கிடைப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் உயில் கிடைக்கவில்லை. அவர் யார் மகன் என்று நமக்குத் தெரிவது 1381இல் தேம்ஸ் தெரு வீட்டின் மீதிருந்த உரிமையை அவர் விட்டுக்கொடுத்த பத்திரத்தால். "லண்டன் ஒயின் வணிகர் ஜான் சாசரின் மகன்" என்று அவரே அதில் சொல்லிக்கொள்கிறார். அந்த ஜானையும் சிறுவனாக இருந்தபோது, 1324இல், அத்தை கடத்திக்கொண்டு போனார், இப்ஸ்விச் சொத்துக்காக அத்தை மகளைக் கட்டிவைக்க. வழக்கு நடந்து 250 பவுண்டு நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. சண்டை போட்ட குடும்பம் என்றால் நமக்கு யோகம்தான். வழக்கில் வாதி தன் உரிமையைக் காட்டத் தாத்தாவில் தொடங்கி வம்சம் சொல்வான். அந்தக் கால வழக்குச் சுருள்களின் படங்களை ஹூஸ்டன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

பட்டயம் போட்ட வம்சாவளி கிடைத்தாலும் மயங்காதீர்கள். நார்ஃபோக் பாஸ்டன் குடும்பத்தில் கிளெமன்ட் என்பவர் ஏர் பிடித்து உழுதவர், அவர் மனைவி அடிமைக்குடிப் பெண் என்று ஊரில் பேச்சு. 1466இல் அரசர் நான்காம் எட்வர்ட், 1066இல் நடந்த நார்மன் வெற்றிக் காலம் முதலே கண்ணியமான வம்சம் இது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். 1530க்குப் பிறகு குலச்சின்ன அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் எழுதிய வம்சாவளிகளிலும் தாத்தாவுக்கு மேலே எழுதியிருப்பது பல நேரம் குடும்பத்தார் சொன்ன கதைதான்.

தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். அன்று புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. பிப்ரவரி 1487 என்று உயிலில் இருந்தால் அது நம் கணக்கில் 1488. ஆதாரம் கிடைக்கும்வரை மரத்தில் அப்பா இடத்தைக் காலியாகவே விடுங்கள். முழு உயில் வந்ததும், பூசை பற்றிய வரிகளில் புரியாத இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.