பருவநிலை மாற்றம் குறித்துப் பெரும்பாலானோர் கவலைப்படுவதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. அதை எவ்வளவு நம்பலாம்?

முதலில் கேள்வியைப் பாருங்கள். "கவலைப்படுகிறீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பது எளிது, செலவும் இல்லை, கேட்பவர் முன் நல்ல பெயரும் கிடைக்கும். "நாட்டின் மிகப் பெரிய பிரச்சினை எது?" என்று பட்டியல் தராமல் கேட்டால், பெரும்பாலும் விலைவாசியும் வேலையும்தான் முன்னால் வரும். இரண்டும் பொய்யல்ல. முதலாவது மனப்பாங்கை அளக்கிறது, இரண்டாவது முன்னுரிமையை.

அதனால் விலையைச் சேர்த்துக் கேட்கும் ஆய்வுகளுக்கே என் ஓட்டு. 2024இல் வெளியான ஓர் ஆய்வு 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம், புவி வெப்பமாதலைத் தடுக்க மாத வருமானத்தில் 1 சதவீதம் தருவீர்களா என்று கேட்டது. 69 சதவீதம் பேர் சம்மதித்தனர். ஆனால், உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்ற கேள்விக்கு வந்த சராசரி மதிப்பீடு 43 சதவீதம்தான். மற்றவர்களுக்கு அக்கறையில்லை என்று நினைப்பவர் தானும் பேசாமல் இருந்துவிடுகிறார். அந்த மௌனமே தவறான மதிப்பீட்டை வளர்க்கிறது. (தருவேன் என்பதும் தந்ததாகாது, அது வேறு.)

அடுத்து மாதிரி, அதாவது யாரிடம், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பது. சீரற்ற முறையில் தேர்ந்த 1,000 பேர் என்றால் பிழை வரம்பு (முடிவு உண்மை நிலையிலிருந்து விலகியிருக்கக்கூடிய அளவு) சுமார் ±3 சதவீதப் புள்ளிகள். அதிலிருந்து 100 இளைஞர்களை மட்டும் பிரித்தெடுத்தால் ±10 ஆகிவிடும். "இளைஞர்களின் ஆதரவு 5 புள்ளி சரிந்தது" போன்ற தலைப்புகள் பல இங்கேதான் கவிழ்கின்றன. விரும்பியவர்கள் மட்டும் வாக்களிக்கும் இணைய வாக்கெடுப்புக்கோ, லட்சம் பேர் வந்தாலும் அந்தக் கணக்கு பொருந்தாது.