11 வயதில் எழுதிய தேர்வு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாட்டிக்குக் கடைசி காலத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்கு இப்போது 74 வயது. சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறார். மரபணுவில் இருந்தால் தப்ப முடியாது என்கிறார் அண்ணன். தினமும் குறுக்கெழுத்துப் போட்டால் மூளை மங்காது என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் இயன் டியரி இதே கேள்வியோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். 1921இல் பிறந்து 1932இல் பள்ளியில் இருந்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். 87,498 பேர் எழுதினார்கள். 1936இல் பிறந்தவர்களுக்கு 1947இல் அதேபோல நடந்தது. அந்தப் பேரேடுகளை 1990களில் டியரியும் மனநல மருத்துவர் லாரன்ஸ் வாலியும் தேடி எடுத்தார்கள். அப்புறம் உயிரோடு இருந்தவர்களைக் கண்டுபிடித்து, முதுமையில் அதே தேர்வை மறுபடி எழுத வைத்தார்கள். 1936இல் பிறந்தவர்களில், எடின்பரோ பகுதியில் மட்டும் 1,091 பேர் வந்தார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 70 வயதில் ஒருவர் மந்தமாக இருந்தால், தேய்ந்து அப்படி ஆனாரா, தொடக்கத்திலிருந்தே அப்படியா என்று வேறு எப்படிச் சொல்வது? காபியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த 70 வயதுக்காரர்களில் காபி குடிப்பவர்கள் தேர்வுகளை நன்றாகச் செய்தார்கள். 11 வயது மதிப்பெண்ணையும் குடும்ப வசதியையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சிறுவயதிலேயே கெட்டியாக இருந்தவர்கள்தான் காபி குடிப்பவர்களாகவும் ஆகியிருந்தார்கள். முதியவர்களுக்கென்று விற்கப்படும் எந்த மூளை டானிக்கைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் காபிதான் நினைவுக்கு வரும்.

குறுக்கெழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான். 1936இல் பிறந்து 11 வயதில் அதே தேர்வை எழுதிய, ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துக்காரர்களை வைத்து 2018இல் வந்த ஆய்வில், மூளைக்கு வேலை கொடுத்துப் பழகியவர்களின் திறன் உயரத்தில் தொடங்கியது. ஆனால் இறங்கும் வேகம் குறையவில்லை. மாமா போடட்டும், நல்ல பொழுதுபோக்கு.

அண்ணனுக்கு வருவோம். மறதிநோய் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ மரபணுவின் இ4 வகை உள்ளவர்களுக்கு 11 வயதில் எந்தக் குறையும் இல்லை, 80 வயதில் மதிப்பெண் சற்றுக் குறைந்தது என்று டியரி குழு 2002இல் காட்டியது. அதாவது அந்த மரபணு வயதான பிறகுதான் வேலை செய்கிறது. இ4 இருந்தும் மறதிநோய் வராதவர்கள் நிறைய, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. வேறொரு மரபணு மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்துவிட்டால் ஏறக்குறைய நிச்சயம் என்ற நிலை மிக அரிதான சில குடும்பங்களில்தான். அங்கே நோய் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும்.

மாயமருந்து எதையும் டியரி கண்டுபிடிக்கவில்லை. புகைக்காமல் இருப்பது, உடலுக்கு வேலை கொடுப்பது என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் உதவுகிறது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு பிரஷர், சுகர் பாருங்கள். காதும் கண்ணும் சோதியுங்கள். மறதிநோய்க்குத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் சொன்ன 14இல் இந்த நான்கும் உண்டு. தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. சாவியைத் தேடுவதற்காக மட்டும் பயப்படவேண்டாம். பழகிய தெருவில் வழி தடுமாறினால், நெடுநாள் செய்த சமையலில் வரிசை மறந்தால், தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.