இனத்தைச் சொல்லி அடிச்சா பொலிஸ்ல தமிழ்ல முறைப்பாடு குடுக்க முடியுமா?

முடியும். சிங்களம் தெரியாதுன்னு போகாம மட்டும் இருக்காதீங்க. நீங்களும் எங்கள மாதிரி தேயிலைத் தோட்டத்துப் பக்கம்னு நெனச்சுத்தான் எழுதுறேன்.

எங்க தம்பி நுவரெலியா மாவட்டத்துல ஒரு டவுன்ல சலூன் வச்சிருக்கான். ராத்திரி கடை மூடுற நேரம் நாலஞ்சு பேர் வந்து இந்தியாவுக்கு ஓடுங்கடான்னு கத்தி, கண்ணாடிய உடைச்சு, அவன் மண்டையிலயும் அடிச்சிட்டாங்க. ஸ்டேஷன்ல சார்ஜன்ட் சிங்களத்துல எழுதி சைன் வைக்கச் சொன்னார். எங்களுக்கு சிங்களம் பேசுனா வெளங்கும், வாசிக்கத் தெரியாது, அதனால வாசிச்சுக் காட்டுங்க சார்னு கேட்டா, முடி வெட்டுன காசுல வந்த தகராறுன்னு இருக்கு! அவனுங்க கத்துனது ஒரு வார்த்தை இல்ல. சைன் வைக்க மாட்டோம்னு நின்னோம்.

1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்துல 109ஆவது பிரிவ பாருங்க. வாயால சொல்றத சொன்ன பாஷையிலயே எழுதி வாசிச்சுக் காட்டணும், பொலிஸால அந்த பாஷையில எழுத முடியலன்னா நம்மளையே எழுதித் தரச் சொல்லிக் கேக்கணும். தம்பி வெளி பெஞ்சுல உட்காந்து, அவனுங்க திட்டுனது உட்பட எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் குடுத்தான், ஸ்டேஷன் பொறுப்பதிகாரி ஓஐசி வாங்கி சேத்துக்கிட்டார். இனவெறியத் தூண்டுறதுக்கு எதிரா 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, ஆனா முறைப்பாட்டுலயே அந்தப் பேச்சு இல்லன்னா பிறகு எத வச்சுக் கேக்குறது? அடுத்து தமிழ் தெரிஞ்ச பொம்பள பொலிஸ் ஒருத்தங்க வந்தாங்க, அதுவரைக்கும் வாயே தொறக்காத எங்க அம்மா அவங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டாங்க.

பொலிஸ எதிரியாக்குறேன்னு சண்டைக்கு வராதீங்க. அந்த ஓஐசியும் பொலிஸ்தான், அவரு சிங்களவர்தான். பிரஜா பொலிஸ்னு ஊர் மக்களோட பொலிஸ் கூட்டமெல்லாம் வைக்கிறாங்க, நல்ல விஷயம். ஆனா வேலை நாள்ல பகல்ல வச்சா கொழுந்து எடுக்குறவங்க எப்பிடி வர்றது, அரைப் பேர் போட்டுடுவாங்களே, அரை நாள் சம்பளந்தான் கிடைக்கும்.

இன்னொன்னு. விசாரணைக்கு வரச் சொல்லி வந்த கடிதம் தோட்டத்து ஆபீஸ்லயே கெடந்து, தேதி போன பிறகுதான் கைக்கு வந்துச்சு. நாங்க இருக்குற லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, நம்பர் இல்லையாம். 2023ல, நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து வந்து 200 வருஷம்னு மேடை போட்டு பேசுனாங்க, எங்க வீட்டுக்கு நேரா ஒரு கடிதம் வர வழி இல்ல. யாருகிட்ட போய் சொல்றது இத?

சரி, நீங்க கேட்டதுக்கு வர்றேன். வெளங்காத எழுத்துல சைன் வைக்காதீங்க, முறைப்பாட்டு நம்பர எழுதி எடுத்துக்கோங்க, உங்க போன் நம்பரையும் அதுலயே போடச் சொல்லுங்க. ஏத்துக்கவே மாட்டோம்னா மனித உரிமைகள் ஆணைக்குழுவோட 1996 நம்பருக்கு போன் அடிங்க, தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.