ஷெரிஃபும் கவுண்டியின் கஜானாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் குடும்பத்தோடு அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஜான்சன் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) தலைமையிடமான பஃபலோ ஊருக்குப் போயிருந்தோம். 1892-இல் பண்ணை முதலாளிகளுக்கும் மாட்டுத் திருடர்களுக்கும் அங்கே பெரிய சண்டை நடந்ததாம். ஒரு சந்தேகம். அங்கே ஷெரிஃபை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். காவல் அதிகாரி ஓட்டுக் கேட்டு நிற்பது ஆபத்தில்லையா? நம்மூர் எஸ்.பி. முறைதானே மேல்? பிராங்க் கான்டன் போன்ற துப்பாக்கி வீரர்களைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாகவே இந்தச் சண்டையைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் அந்த ஊரின் பழங்கதையை விசாரித்தீர்களே, சந்தோஷம். ஆனால் கேட்டதை அப்படியே நம்பிவிட்டீர்கள். மாட்டுத் திருடர்கள் என்று அவர்களைச் சொன்னது யார்? பண்ணை முதலாளிகள். தங்கள் சங்கத்துக்கு அடங்காமல் நாலு மாட்டை வைத்துப் பிழைத்தவர்கள் எல்லார் மேலும் ஒட்டிய பட்டம் அது. அதில் திருடியவர்களும் இருந்திருக்கலாம். அதற்காக ஆள் பட்டியல் போட்டுக் கொல்லப் புறப்படுவதா?

கான்டனை வீரர் என்கிறீர்கள். அவர் அதே கவுண்டியின் முன்னாள் ஷெரிஃப். தனக்கு ஓட்டுப் போட்ட மக்களையே கொல்ல, கூலிக்கு வந்த டெக்சஸ் துப்பாக்கிக்காரர்களோடு சேர்ந்து வந்தவர். மாநிலத் தலைநகர் ஷையனில் ரயிலேறி காஸ்பரில் இறங்கினார்கள், ஏறக்குறைய 50 பேர். பஃபலோவுக்குச் செய்தி போகாமலிருக்கத் தந்திக் கம்பியை அறுத்தார்கள். ஏப்ரல் 9 அன்று, பட்டியலில் இருந்தவர்களில் ஒருவரான நேட் சாம்பியன் தங்கியிருந்த மரவீட்டைச் சூழ்ந்தார்கள். கூட இருந்த நிக் ரே காலையிலேயே குண்டடிபட்டு உள்ளே செத்துக்கொண்டிருந்தார். சாம்பியன் தனியாகப் பொழுது சாயும்வரை தாக்குப்பிடித்தார். இடையிடையே சின்ன நோட்டுப் புத்தகத்தில் நடப்பதை எழுதினார். வீட்டுக்குத் தீ வைத்தபோது வெளியே ஓடினார், சுட்டுக் கொன்றார்கள்.

அப்போதைய ஷெரிஃப் ரெட் ஆங்கஸ். அவரிடம் இருந்த பெரிய அதிகாரம், ஆபத்து வந்தால் ஊர் ஆட்களைத் துணைக்குத் திரட்டலாம் என்பதுதான். மாநிலப் படை கவர்னரின் உத்தரவு இல்லாமல் அசையக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் ஊரே திரண்டது. கொல்ல வந்தவர்கள் டி.ஏ. என்ற பண்ணையில் பதுங்க, ஊர்க்காரர்கள் 200 பேருக்கு மேல் அதை முற்றுகையிட்டார்கள். கவர்னர் பார்பர் உடனே ஜனாதிபதி ஹாரிசனுக்குத் தந்தி அடித்தார். 13-ஆம் தேதி குதிரைப்படை வந்தது. எதற்கு? கொலைகாரர்களைக் காப்பாற்ற. அவர்கள் ராணுவத்திடம்தான் சரணடைந்தார்கள், ஷெரிஃபிடம் இல்லை. அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி ஆங்கஸ் கேட்டார், கிடைக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதற்கு அப்புறம் நடந்ததை. கைதிகளை ஷையனுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை வைத்துக் காக்கும் செலவு யார் தலையில்? ஜான்சன் கவுண்டியின் தலையில்! யாரைக் கொல்ல வந்தார்களோ அவர்கள் கட்டிய வரிப்பணத்தில்தான் கொலைகாரர்களுக்குச் சாப்பாடும் காவலும். அந்தச் சின்ன கவுண்டியின் கஜானா எத்தனை மாதம் தாங்கும்? நடந்ததைப் பார்த்த இரண்டு வேட்டைக்காரர்களைப் பணம் தருவதாகச் சொல்லி மாநிலத்தை விட்டே கடத்தினார்கள். கொடுத்த காசோலையும் செல்லவில்லை. சாட்சியும் இல்லை, கையில் காசும் இல்லை. 1893 ஜனவரியில் வழக்கு தள்ளுபடி. ஒருவருக்குக்கூடத் தண்டனை இல்லை.

தேர்தலா நியமனமா என்று கேட்கிறீர்கள். கான்டனும் ஓட்டு வாங்கியவர்தான், ஆங்கஸும் ஓட்டு வாங்கியவர்தான். எஸ்.பி. முறையைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். ஓட்டுப் போட்டு ஒரு ஷெரிஃபை வைத்துக்கொள்ள ஒரு கவுண்டியால் முடியும். அவர் பிடிக்க வேண்டிய ஆளுக்கு மாநில முதலாளிகளின் பணமும் கவர்னரின் தயவும் இருந்தால், வழக்கை நடத்திக் கரைசேர்க்க அந்தக் கவுண்டியிடம் பணம் இருக்கிறதா? இதைக் கேட்காமல் துப்பாக்கியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் எப்படி?

கான்டன் 1907-இல் ஓக்லஹோமா மாநிலப் படைக்கே தலைவரானார். உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இருக்கிறது, ஆங்கஸின் பெயர் இல்லை. அடுத்த கடிதத்தில் ஆங்கஸைப் பற்றிக் கேளுங்கள், விரிவாகவே எழுதுகிறேன்.